ஐஸ்கிரீமுக்கு அழும் பிள்ளையும் எதிர்மறை வலுவூட்டலும்

கேள்வி: மகனுக்கு நாலு வயது. மாலையில் சில்வர் பீச்சுக்குப் போனால் ஐஸ்கிரீம் கேட்டு மணலில் புரண்டு அழுகிறான். ஒரு வாரம் வாங்கித் தரவில்லை; அழுகை கூடியதே தவிர குறையவில்லை. முந்தாநாள் தாங்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டேன். 'எதிர்மறை வலுவூட்டல் செய்யுங்கள்' என்கிறார் டியூஷன் டீச்சர். அப்படியென்றால் அடிப்பதா?
— ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: இல்லை. பி.எட். படித்தவர்கள்கூட இந்தச் சொல்லைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வலுவூட்டல் என்றாலே ஒரு செயலைக் கூட்டுவது; தண்டனை என்றால் குறைப்பது. விரும்பியது கிடைத்துச் செயல் கூடினால் நேர்மறை, தொல்லை விலகிக் கூடினால் எதிர்மறை. கொசுவலை கட்டினோம், கடி நின்றது, மறுநாளும் கட்டுகிறோம். அவ்வளவுதான்.

உங்களிடம் அது ஏற்கெனவே நடக்கிறது. பையனுக்கு அல்ல, உங்களுக்கு. ஐஸ்கிரீம் வாங்கியதும் அழுகை நின்றது, நாலு பேர் பார்க்கிற சங்கடம் தீர்ந்தது. அடுத்த முறை பர்ஸ் இன்னும் சீக்கிரம் திறக்கும். அவனுக்கு நேர்மறை, உங்களுக்கு எதிர்மறை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

மறுத்தும் ஏன் கூடியது? பலன் நின்றதும் பழைய செயல் ஓய்வதற்கு முன் ஒருமுறை கொந்தளிப்பது உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் பெட்டியில் எலி நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும். ஒருநாள் கருவி சிக்கித் தீனி வரவில்லை. எலி உடனே விடவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துத்தான் ஓய்ந்தது. வராத லிஃப்டின் பட்டனை நாமும் அப்படித்தான் குத்துகிறோம். நீங்கள் அந்தக் கொந்தளிப்பின் உச்சியில் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். 'இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும்' என்று அவன் கற்றுக்கொண்டான். எப்போதாவது பலன் தரும் பழக்கம், தினமும் தருவதைவிட மறைய நாளாகும். ஆகவே, மறுக்கத் தெம்பில்லாத நாளில் அவன் அழுமுன்பே வாங்கிக் கொடுங்கள்.

மற்ற நாளில் வீட்டில் செருப்புப் போடும்போதே சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு ஐஸ் கிடையாது, மணல்ல வீடு கட்டலாம். ஞாயித்துக்கிழமை ஐஸ்." நாலு வயதுக்கு நாள் கணக்குப் பிடிபடாது, காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அழுதால் அதே வாக்கியம் ஒரே ஒரு தடவை. பிறகு விளக்கம், பேரம், மிரட்டல் எதுவும் வேண்டாம். திட்டுவதும் அவனுக்குக் கவனிப்புதான். இரண்டடி தள்ளி, கண் எடுக்காமல் நில்லுங்கள். அலைப் பக்கம் ஓடினாலோ தலையை முட்டிக்கொண்டாலோ உடனே தூக்குங்கள், ஆனால் ஐஸ் இல்லை. அழுகை தணிந்த அந்த நொடியே பேச்சுக் கொடுங்கள். அழாமல் கேட்டால் உடனே "அழாம வாயால கேட்டியே, நல்லாருக்கு" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். வீடு வந்தபின் பாராட்டினால் எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

பெரும்பாலும் கெடுவது வேறிடத்தில்: அம்மா மறுப்பார், ஆயா முந்தானை முடிச்சிலிருந்து இருபது ரூபாய் எடுப்பார். அவரோடு சண்டை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஐஸை ஆயா கையாலேயே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இந்த வயதில் அடம் இயல்புதான். ஆனால் அடிக்கடி அரை மணிக்கு மேல் நீடித்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, பேச்சும் பிந்தியிருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் உள்ளன.