ஞாயிற்றுக்கிழமைக் கறி, திங்கட்கிழமைச் சூடு

கேள்வி: மீந்த கோழி மிளகு வறுவலை மறுநாள் சூடு பண்ணினால் நார் நாராகித் தொண்டையை அடைக்கிறது. மட்டன் குழம்போ முதல் நாளைவிட ருசியாக இருக்கிறது. ஏன் இப்படி?
- வாசகி, ஈரோடு

பதில்: சூடு ஏற ஏறக் கறியின் தசைநார் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 65 டிகிரிக்கு மேல் இது வேகமாக நடக்கும். கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. முதல் நாளே நிறைய நீரை இழந்திருக்கும் அதை மறுநாள் வெறும் வாணலியில் போட்டுப் புரட்டினால், நீங்கள் சூடு பண்ணவில்லை, இரண்டாம் தடவை சமைக்கிறீர்கள். ஆட்டின் தொடையிலும் கழுத்திலும் சவ்வு நிறைய. அது நெடுநேரம் வெந்து கரைந்து, கறியைப் பிசுபிசுவென்று ஈரமாக வைத்திருக்கும். ஃப்ரிட்ஜில் குழம்பு கட்டியாகி நிற்பதற்கு ஒரு காரணம் இந்தக் கரைந்த சவ்வுதான். வறுவல் கிண்ணத்தின் அடியிலும் கொஞ்சம் இருக்கும், வழித்துச் சேர்த்துவிடுங்கள்.

கால் கிலோ வறுவலுக்கு இப்படிச் செய்யுங்கள். அடிகனமான வாணலியில் மூன்று மேஜைக்கரண்டி வெந்நீர் விட்டு, ஆவி வந்ததும் கறியைப் போட்டு மூடுங்கள். சிறு தீயில் ஐந்து நிமிடம். நடுவில் ஒரே ஒரு முறை புரட்டினால் போதும். பிறகு மூடியை எடுத்து, தீயைக் கூட்டி, அரை நிமிடத்தில் மேல் ஈரத்தை வற்ற விட்டு இறக்குங்கள். எண்ணெய் ஊற்றித் தொடங்கினால் உள்ளே சூடு போவதற்குள் மசாலா கருகிவிடும். துண்டுகளைப் பிய்த்துப் போடவும் வேண்டாம், இன்னும் சீக்கிரம் காயும். குக்கரில் விசில் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரியாணியை மைக்ரோவேவில் வைத்தால் ஓரத்துச் சோறு விறைக்கிறது, கறி ரப்பராகிறது, நடுவில் மட்டும் ஜில்லென்று இருக்கிறது.
- வாசகர், ஆம்பூர்

பதில்: முழு பவரில் வைத்தால் அப்படித்தான் ஆகும். தட்டின் ஓரம் முதலில் சூடேறும். நடுப்பகுதிக்குச் சூடு மெல்லத்தான் போய்ச் சேரும். பிரியாணியை வட்டமாகப் பரப்பி நடுவில் குழி விடுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மைக்ரோவேவ் மூடியால் மூடி, பாதி பவரில் இரண்டு நிமிடம் வையுங்கள். கிளறிவிட்டு இன்னும் ஒன்றரை நிமிடம். பிறகு திறக்காமல் இரண்டு நிமிடம் விட்டால் சூடு தானே பரவும். நடுவில் தொட்டுப் பார்த்து, ஆவி பறக்கவில்லை என்றால் இன்னொரு நிமிடம் வையுங்கள். அவித்த முட்டையை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், வெடிக்கும்.

எங்கள் ஓட்டு இட்லிப் பானைக்குத்தான். கிண்ணத்தில் தளர்வாக நிரப்பி, மேலே தட்டு மூடி, பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் சோறும் கறியும் சேர்ந்து இளகும். ஃப்ரிட்ஜில் விறைத்த சோறு பழையபடி மென்மையாவதற்குச் சூட்டோடு ஈரமும் வேண்டும்.

கேள்வி: சிக்கன் 65?
- வாசகர், மதுரை

பதில்: இதற்கு மட்டும் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். தண்ணீரும் கூடாது, மூடியும் கூடாது. இரும்பு தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவைத்து, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, ஆறேழு நிமிடம் திருப்பித் திருப்பிப் போடுங்கள். ஏர் ஃப்ரையர் என்றால் 180 டிகிரியில் நான்கைந்து நிமிடம். மறுபடி எண்ணெயில் பொரித்தால் மேலே மொறுமொறுப்பு வரும், உள்ளே சக்கைதான்.

கேள்வி: குழம்புச் சட்டியை ராத்திரி அடுப்பிலேயே விட்டு, காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் போதும் என்கிறார் மாமியார். சரியா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. சமைக்கும்போது சாகாத சில கிருமி வித்துகள், பெரிய சட்டி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்கு வசதி. காலையில் கொதிக்கவைத்தால் கிருமி சாகலாம். அது விட்டுப்போன நஞ்சு எல்லாமே அழியும் என்று சொல்ல முடியாது. சோற்றில் உருவாகும் ஒரு வகை நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, ஆகவே பிரியாணிக்கும் இதே எச்சரிக்கைதான்.

அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மூன்று, மிஞ்சினால் நான்கு நாள் தாங்கும். எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். முழுச் சட்டியையும் சூடாக்கி மறுபடி உள்ளே வைக்காதீர்கள். உள்வரை 74 டிகிரி எட்ட வேண்டும். குழம்பென்றால் நடுவிலும் குமிழி வர வேண்டும், எலும்பை ஒட்டிய கறி கை சுட வேண்டும்.

கேள்வி: தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் குழம்பு மறுநாள் திரிந்துவிடுகிறதே?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தீ அதிகம். கால் டம்ளர் வெந்நீர் சேர்த்து, சிறு தீயில், மெதுவாகக் கிண்டிக்கொண்டே லேசான குமிழி வரும்வரை சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். திரிந்தே போனாலும் தூக்கி எறிய வேண்டாம். புதிதாகப் பிழிந்த கெட்டிப் பால் இரண்டு கரண்டி, இறக்கும்போது கலந்தால் ஓரளவு கூடி வரும்.