குண்டு மிளகாய்: 5 கிலோ சராசரிக்குள் மறைந்திருக்கும் வேறுபாடு

கேள்வி: திருப்புல்லாணி பக்கம் எனக்கு இரண்டு செய்கள் உள்ளன. இரண்டிலும் ஐந்தைந்து இடங்களில் ஒவ்வொரு சென்ட் அளந்து, கிடைத்த குண்டு மிளகாய் வற்றலை எடை போட்டேன். மேலச்செய்யில் 4, 5, 5, 5, 6 கிலோ. கடலை ஒட்டிய கீழச்செய்யில் 1, 3, 5, 7, 9 கிலோ. இரண்டுக்கும் சராசரி 5 கிலோதான் என்பதால் ஒரே அளவில் உரம் இடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. தாங்கள் இடவாரியாக எடை போட்டு எழுதி வைத்தது மிக நல்ல வேலை. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி நிறுத்திருந்தால் கீழச்செய்யின் குறை வெளியே தெரிந்திருக்காது.

சராசரியிலிருந்து ஒவ்வோர் எடையும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். கீழச்செய்யில் அந்த விலக்கங்கள் −4, −2, 0, 2, 4. அப்படியே கூட்டினால் பூச்சியம்தான் வரும் என்பதால், ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டுகிறோம்: 16, 4, 0, 4, 16, ஆக 40. இதை 4 ஆல் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி 10. இடங்கள் ஐந்தாக இருக்க 4 ஆல் வகுப்பது ஏன் என்றால், விலக்கங்களின் கூட்டல் எப்போதும் பூச்சியம் ஆதலால் நான்கு தெரிந்தவுடன் ஐந்தாவது தானாகவே முடிவாகிவிடுகிறது. மேலச்செய்க்கு இதே கணக்கில் 0.5 மட்டுமே வருகிறது. வர்க்கமூலம் எடுத்துக் கிலோவுக்குத் திரும்பினால், திட்ட விலக்கம் கீழச்செய்யில் ஏறத்தாழ 3.2 கிலோ, மேலச்செய்யில் 0.7 கிலோ. மேலே கண்ட விலக்க வர்க்கச் சராசரிக்கு 1918இல் ஆங்கிலத்தில் 'வேரியன்ஸ்' (variance) என்று பெயர் சூட்டிய புள்ளியியலாளர் ரோனால்ட் பிஷர், அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து வயல் விளைச்சல் கணக்குகளில் இறங்கினார்.

மேலச்செய்யை ஒரே வயலாகக் கொண்டு ஒரே அளவில் உரம் இடலாம். கீழச்செய் அப்படியல்ல. 1 கிலோவும் 3 கிலோவும் வந்த இடங்களைக் காலையில் நடந்து பாருங்கள். மண் மேல் வெண்மையாக உப்புப் பூத்து, செடி குட்டையாக நின்றால் அங்கே உரத்தைக் கூட்டுவது வீண், ஏனெனில் உரமும் ஓர் உப்புதான். ஜிப்சமும் உடனே வாங்க வேண்டாம். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கே உதவும், கரையும் உப்பு மட்டும் சேர்ந்த உவர் மண்ணுக்கு அல்ல. அந்த இரண்டு இடங்களின் மண்ணை 15 செ.மீ. ஆழத்தில் எடுத்து, நன்கு விளைந்த இடத்து மண்ணோடு கலக்காமல், தனிப் பையில் மண் ஆய்வுக்குக் கொடுங்கள். உவர் என்று முடிவு வந்தால், ஐப்பசி மழைக்கு முன் அப்பகுதிக்கு மட்டும் வரப்பை உயர்த்தி, நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வழியே உப்பை வெளியேற்றிய பிறகே நாற்று நடவேண்டும்.