வாசகர் கேள்வி – பதில்: ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் பிள்ளைகள்

(தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் பேச்சுத்திறனைப் பற்றி வந்த கடிதங்களுக்கு, ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: ஈராசிரியர் பள்ளி ஒன்றில் முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஆடல், பாடல், சொல் விளையாட்டு எல்லாம் வகுப்பில் நடக்கின்றன. 'க'வில் தொடங்கும் சொற்களைக் கேட்டால் மூச்சுவிடாமல் அடுக்குகிறார்கள். ஆனால், 'நேற்று வீட்டில் என்ன நடந்தது?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல டீச்சர்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் எந்தப் பெரியவரிடமாவது இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அவரும் 'ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்வார். கேள்வி அவ்வளவு அகலமானது. 'க' வரிசைச் சொற்களை அடுக்குவதோ வேறு வகை. அது நினைவுக்குப் பயிற்சி தரும், எழுத்தறிவுக்கும் உதவும். பேச்சுக்கு அதில் வேலை இல்லை. பிள்ளை 'கல்' என்று சொல்லும்போது, கேட்பவருக்குத் தெரியாத எதையும் அது சொல்லிவிடவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்று எதிரில் இருப்பவருக்குத் தெரியவில்லை, அதைச் சொன்னால்தான் ஆட்டம் நகரும் என்ற நிலை வந்தால்தான் குழந்தை நாலு வாக்கியம் தொடர்ந்து பேசும். ஆகவே, ஒரு விளையாட்டில் எத்தனை சொற்கள் வந்தன என்று எண்ணுவதைவிட, ஒரு பிள்ளை இடைவிடாமல் எவ்வளவு நேரம் பேசியது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் எண்ணம்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு மஞ்சப்பை. பிள்ளைகள் பார்க்காதபோது அதற்குள் ஒரு பொருளைப் போட்டு வாயைக் கட்டிவிடுவேன். ஒரு பிள்ளை கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, பெயரைச் சொல்லாமல் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறைந்தது மூன்று கேள்விகளாவது கேட்ட பிறகுதான் விடை சொல்லலாம். ஒருமுறை கொட்டாங்குச்சியைப் போட்டு வைத்திருந்தேன். வகுப்பில் பெரும்பாலும் வாய் திறக்காத ஒரு சிறுவன் கையை விட்டவன், 'வெளிய சொரசொரன்னு இருக்குது, உள்ள வழவழன்னு இருக்குது' என்று தொடங்கினான். 'சாப்பிடறதா?' என்று ஒருத்தி கேட்டாள். 'இத சாப்பிட முடியாது, இதுக்குள்ள இருந்தத சாப்பிட்டாச்சு. எங்க ஆயா இத அடுப்புல போட்டுத் தண்ணி காய வைக்கும், கரி நல்லா கனகனன்னு இருக்கும்' என்றான். அதுவரை அவனிடமிருந்து அவ்வளவு நீளமான பேச்சு வந்து நான் கேட்டதில்லை. சொரசொர, வழவழ, பிசுபிசு, மொறுமொறு, கொழகொழ என்று இரட்டைக்கிளவிகள் குழந்தைகளின் வாயில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன; பாடப்புத்தகத்தில் அவை இலக்கணமாக வரும் வரை நாம்தான் அவற்றை வகுப்புக்குள் அழைப்பதில்லை.

இந்த விளையாட்டில் கெடுதல் பெரும்பாலும் ஆசிரியரால்தான் வரும். பிள்ளை சொல்லைத் தேடித் தடுமாறும்போது இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் நானே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடும் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. பிறகு மனத்துக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணப் பழகினேன். ஏழு, எட்டு எண்ணும்போது பெரும்பாலான பிள்ளைகள் தாமே பேசிவிடுவார்கள்.

அடுத்து, இணைகளாக விளையாடுவது. இருவரை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்து, இருவருக்கும் ஒரேமாதிரி நான்கைந்து பொருள்களைக் கொடுங்கள்: ஒரு புளியங்கொட்டை, ஓர் இலை, ஒரு கூழாங்கல், ஒரு குச்சி. ஒரு பிள்ளை தன் முன்னால் அவற்றை விரும்பியபடி அடுக்கி, அதே வரிசையில் அடுக்கும்படி மற்றப் பிள்ளைக்கு வாயாலேயே வழிசொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாரும் 'இத அங்க வை' என்பார்கள். திரும்பிப் பார்த்தால் இரண்டு அடுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் கிடக்கும், இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஓரிரு வாரத்தில் 'குச்சிக்கு மேல இலைய வை, காம்பு உன் பக்கம் பாத்து இருக்கணும்' என்று பேச்சு துல்லியமாகிவிடும். நாம் திருத்த வேண்டிய தேவையே இல்லாமல், தவறாக அடுக்கப்பட்ட கல்லே பேசியவருக்குத் தன் பேச்சில் இருந்த குறையைக் காட்டிவிடுகிறது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி நீங்கள் பிரித்திருக்கும் குழுக்கள் வாசிப்பையும் எழுத்தையும் கணக்கில் கொண்டவை. பேச்சு விளையாட்டில் அந்தப் பிரிவை அப்படியே பின்பற்ற வேண்டாம். எழுத்துக்கூட்டத் தெரியாத அரும்புப் பிள்ளை, சந்தையில் அம்மாவோடு காய்கறி விற்று வாயாடியாக இருக்கக்கூடும். அதை மலர்ப் பிள்ளையோடு இணை சேர்த்துப் பாருங்கள். அறை இரைச்சலாகத்தான் இருக்கும். பார்வையிட வருபவர்களிடம் விளக்கிச் சொல்லிவிடலாம்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளோடு தினமும் இரவில், ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டை ஆடுகிறேன். ஐந்தாறு சொற்களுக்குள் அவள் திணறிவிடுகிறாள். சொல்வளம் குறைவாக இருக்கிறதோ?
– ஒரு தாய், மதுரை

பதில்: உங்கள் மகளிடம் குறை இல்லை, அம்மா, விளையாட்டின் விதிதான் தமிழுக்குப் பொருந்தவில்லை. 'மாடு' என்றால் அடுத்து 'டு'. 'பால்' என்றால் 'ல்'. 'மரம்' என்றால் 'ம்'. மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்பது தொல்காப்பியக் காலத்து மரபு. ஆனால் சொற்கள் முடிவதோ பெரும்பாலும் இந்த எழுத்துகளில்தான். டம்ளர், லாரி, ரொட்டி என்று கடன் வாங்கிச் சமாளிக்கலாம். அதுவும் எத்தனை முறை?

எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லையே அந்தாதியாக்கிப் பாருங்கள். தேங்காய்ப்பூ என்று நீங்கள் சொன்னால், அவள் பூக்கடை என்பாள். அடுத்து கடைத்தெரு, தெருவிளக்கு, விளக்குத்திரி. இதில் சிக்கல் வரும்போது, பொருள்தொடர்பு விளையாட்டுக்கு மாறலாம். 'மழை' என்று நீங்கள் சொல்ல, அவள் 'குடை' என்று சொல்லி, காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் 'ஆட்டோ' என்பீர்கள். 'குடைக்கும் ஆட்டோவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று அவள் சண்டைக்கு வர வேண்டும். 'குடையை மறந்துவிட்டால் ஆட்டோவில்தானே போவோம்' என்று நீங்கள் வாதாட வேண்டும். அந்தச் சண்டைக்காகத்தான் விளையாட்டே.

கேள்வி: முதல் வகுப்பில் படிக்கும் பேரன் 'வாயப்பயம்' என்கிறான். பேசும்போதே திருத்தினால் பேச்சை நிறுத்திவிடுகிறான். திருத்தாமல் விடுவதற்கும் மனம் வரவில்லை.
– ஒரு தாத்தா, சென்னை

பதில்: அவன் பேசிக்கொண்டிருக்கும்போது திருத்தாதீர்கள், ஐயா. 'அப்படியா, வாழைப்பழம் சாப்பிட்டாயா?' என்று சரியான ஒலியோடு உங்கள் பதிலில் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும். சென்னையில் யகரமாகவும், தென் மாவட்டங்களில் ளகரமாகவும் ழகரம் ஒலிப்பதை வழக்காறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவன் மேல் குற்றம் இல்லை.

ஒலிப்பயிற்சியைத் தனி விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நாக்கின் நுனியைப் பின்னோக்கி வளைத்து, மேலண்ணத்தைத் தொடாமல் ஒலித்தால் ழ. வளைத்துத் தொட்டால் ள. கண்ணாடி முன்னால் இருவரும் நின்று செய்து பாருங்கள். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்' என்பதை முதலில் ஆமை வேகத்தில் சொல்லி, ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கூட்டலாம். நீங்களும் வேகத்தில் தடுமாறுவதைப் பார்த்தால் அவனுக்கு உற்சாகம் கூடும்.

எழுத்துத் தமிழைப் பற்றிய கவலையும் இருந்தால், செய்தி வாசிக்கும் விளையாட்டு நல்லது. ஒரு கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, வீட்டுச் செய்தியை முதலில் பாட்டியிடம் சொல்வதுபோலவும், பிறகு தொலைக்காட்சியில் வாசிப்பதுபோலவும் சொல்ல வேண்டும். 'மாமா ஊர்லேருந்து வந்தாங்க' என்பது 'மாமா ஊரிலிருந்து வந்தார்' என்று மாறும். இரண்டும் தமிழ்தான், இடம் மட்டுமே வேறு என்பது இலக்கணம் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பின்னலாடைத் தொழிலுக்காக வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல் விளையாட்டுகளில் அவர்கள் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.
– ஓர் ஆசிரியர், திருப்பூர்

பதில்: புதிய சொல்லைத் தாமே தேட வேண்டிய விளையாட்டு அவர்களுக்குச் சுமை. திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் பேச்சே வேண்டும். வீடு மெழுகியபோது தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஈ கன்றைக் கேட்கிறது, கன்றின் தாயைக் கேட்கிறது, மாடு மேய்க்கும் இடையனை, அவன் கையிலிருக்கும் கோலை என்று கேட்டுக்கொண்டே போகிறது. கடைசியில் குதிரை கனைக்க, தன் பெயர் 'ஈ' என்று அதற்கு நினைவு வருகிறது. ஊருக்கு ஊர் வரிசை மாறும், அதனால் உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருள்களைச் சேர்த்துக்கொள்வதில் தடை இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையவை அனைத்தையும் மீண்டும் சொல்ல வேண்டியிருப்பதால், கன்றே, தாயே, கோலே என்ற விளியும், 'மாடு மேய்க்கும்', 'குளத்தில் வாழும்' போன்ற தொடர்களும் காதில் பதிந்து, மூன்றாம் நாள் வாயில் வந்துவிடும். ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, புதிய பிள்ளைக்கு முதலில் குதிரையின் கனைப்பைக் கொடுங்கள்.

மஞ்சப்பை விளையாட்டில் ஒரு நாள் அவர்கள் மொழிக்கு ஒதுக்குங்கள். பொருளின் பெயரை ஒடியாவில் அந்தப் பிள்ளை சொல்லித்தர, மற்றவர்கள் சொல்லிப் பார்த்துத் தடுமாறட்டும்.

கேள்வி: என் மகன் வீட்டில் ஓயாமல் பேசுகிறான், பள்ளியில் ஒரு சொல் பேசுவதில்லை என்கிறார்கள். ஆறு வயது.
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: வற்புறுத்த வேண்டாம், 'ஊமை' என்று எவரும் கேலி செய்யவும் விட வேண்டாம். ஒரே ஒரு நண்பனோடு, தலையசைத்தும் கைகாட்டியும் ஆடத்தக்க விளையாட்டில் தொடங்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். பேச்சு மெல்ல வரும். மாதக்கணக்கில் மாற்றமே இல்லையென்றால், குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலும் பேச்சு குறைவாக இருக்கும் பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளோடு இணைந்து இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்டல், பேச்சுப் பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். பள்ளி வழியாகச் செல்வதானால் வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரிடம் சொல்லலாம்.