கணினிக் கேள்வி பதில்

கேள்வி: மறைந்த என் அப்பா எழுதிய வெண்பாக்களைத் தட்டச்சு செய்து வருகிறேன். மார்க்டவுனில் எழுதி வைக்கச் சொன்னான் மகன். ஆனால் நாலு அடியும் ஒரே வரியாக ஓடிவிடுகிறது. இது தமிழ்ச் செய்யுளுக்கு ஆகாதோ?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஆகும் அம்மா, விட்டுவிடாதீர்கள். மகன் சொன்னது நல்ல யோசனை. மார்க்டவுன் என்பது வெறும் எழுத்துக் கோப்பிலேயே சில எளிய குறிகளைப் போட்டுத் தலைப்பு, பத்தி, பட்டியல் என்று காட்டும் முறை. பழைய எழுத்துரு ஒன்றில் நான் அடித்து வைத்த கட்டுரைகளை இன்று திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரிகின்றன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யூனிகோடில் வெறும் எழுத்தாக அடித்த கோப்புக்கு அந்தக் கதி வராது. எந்தக் கணினியிலும் திறக்கும்.

2004இல் ஜான் குரூபர் மார்க்டவுனை உருவாக்கியபோது, மின்னஞ்சலில் மக்கள் எழுதிய பழக்கத்தையே பின்பற்றினார். அங்கே வரி நீண்டால் நடுவில் உடைத்து அடுத்த வரியில் தொடர்வார்கள். அதனால் ஒற்றை ‘என்டர்’ தட்டினால் மார்க்டவுன் அதைப் பொருட்படுத்தாது, வரிகளைச் சேர்த்துவிடும். ஒரு வரி காலியாக விட்டால்தான் புதிய பத்தி. உரைநடைக்கு இது வசதி. வெண்பாவுக்கு அப்படியல்ல: இரண்டாம் அடியின் தனிச்சொல்லும் முச்சீரில் நிற்கும் ஈற்றடியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடியின் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டு என்டர் தட்டுங்கள், வரி உடையும். ஆனால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. சில செயலிகள் கோப்பைச் சேமிக்கும்போது அதை அழித்தும் விடும். ஆகவே இடைவெளிக்குப் பதில் அடியின் கடைசியில் \ என்ற பின்சாய்கோட்டைப் போட்டு என்டர் தட்டுவதே என் பழக்கம். மார்க்டவுன் விதிகளைத் தெளிவாக்க 2014இல் வந்த காமன்மார்க் வரையறையைப் பின்பற்றும் செயலிகள் அதை ஏற்கும். ஈற்றடிக்கு மட்டும் வேண்டாம். செய்யுளை உள்தள்ளிக் காட்ட முன்னால் நான்கு இடைவெளி விடாதீர்கள், கணினி நிரல் என்று எண்ணித் தட்டச்சுப்பொறி எழுத்தில் காட்டிவிடும்.

புத்தகமாக்கும் எண்ணம் இருந்தால் பாண்டாக் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியரான ஜான் மக்ஃபார்லேன் எழுதியது. அதில் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் | குறியும் ஓர் இடைவெளியும் போட்டால் போதும். உள்தள்ளலைக்கூட அப்படியே காக்கும். அதே கோப்பிலிருந்து வேர்டு, மின்னூல் இரண்டும் எடுக்கலாம்.

அப்பா ஆண்டு குறித்து எழுதியிருந்தால் கவனம் தேவை. வரி ‘1968.’ என்று தொடங்கினால் அதைப் பட்டியல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். சில செயலிகள் 1 என்றே மாற்றிவிடும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், 1968\. என்று. ஆண்டு தப்பிக்கும்.