கிளி மிளகாயை ரசித்துத் தின்கிறதே, அதற்குக் காரம் உறைக்காதா?

உறைக்காது. காரம் என்பது இனிப்பு, புளிப்பு போல ஒரு சுவையே அல்ல, அது எரிச்சல். மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நம் நாக்கு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. சுமார் 43 டிகிரி சூடு பட்டால் விழிக்க வேண்டியவை அவை. சாம்பிராணிப் புகைக்கே தீ எச்சரிக்கை மணி அலறுவதுபோல, சுடாமலே 'சுடுது' என்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன.

பறவைகளின் நரம்புகள் கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. செடிக்கு அதில் பெரிய லாபம்: எலி போன்ற பாலூட்டிகள் விதையை மென்று நொறுக்கிவிடும், பல பறவைகளோ முழுசாக விழுங்கி, எச்சத்தோடு தூரத்தில் போட்டுவிடும். என்ன அழகான ஏற்பாடு!

காரம் விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மிளகாயைக் கீறிப் பாருங்கள், விதைகள் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் காரம் அதிகம்.