குளிப்பாட்டியும் நாயின் மேல் நாற்றம் போகவில்லையா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது. பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. நாங்கள் போட்டுக்கொள்ளும் ஷாம்புவையே போட்டு வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுகிறோம். இரண்டே நாளில் மறுபடி நாற்றம் வந்துவிடுகிறது. அடிக்கடி காதைச் சொறிகிறது, தலையை உதறுகிறது. சில நேரம் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தபடி நகர்கிறது. வாசனை ஸ்பிரே அடிக்கலாமா டாக்டர்?

பதில்: ஸ்பிரே வேண்டாம். குளியலையும் குறையுங்கள். நம்முடைய ஷாம்பு நம் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்தது. நாயின் தோல் அப்படியல்ல. அடிக்கடி போட்டால் தோல் வறண்டு அரிக்கும். சொறிந்த இடத்தில் கிருமி பெருகும், நாற்றம் கூடும். நீங்கள் அக்கறையோடு செய்கிற குளியலே நாற்றத்துக்கு ஒரு காரணமாகியிருக்கலாம்.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காது, வாய், விரலிடுக்கு, வாலடி என ஒவ்வொரு இடமாக முகர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் காதின் மேல்தான் சந்தேகம். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்புகிறது. லாப்ரடாரைப் போலக் காது மடிந்து தொங்கினால் குளித்த ஈரம் உள்ளேயே தங்கும். தோலில் இயல்பாகவே கொஞ்சம் இருக்கிற மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை) அங்கே பெருகிவிடும். காதை மடக்கிப் பார்த்தால் பழுப்பு நிறப் பிசுக்கும் புளித்த வாடையும் இருக்கும். மஞ்சளாகச் சீழ் தெரிந்தால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். அழுக்கைக் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்து முடிவு செய்ய வேண்டும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். அதனால் பழைய மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள். பஞ்சுக் குச்சியும் விடாதீர்கள், அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். சரியான பிறகும் காது திரும்பத் திரும்பக் கெட்டால் அடியில் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லாப்ரடாருக்கு அது அடிக்கடி வரும்.

தரையில் தேய்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆசனவாயின் இருபுறமும் இருக்கும் இரண்டு சிறு சுரப்பிப் பைகள். மலம் கழிக்கும்போது அவை தானாகக் காலியாக வேண்டும். அடைத்துக்கொண்டால் அழுகிய மீன் போல வாடை வரும். மருத்துவர் ஒரு நிமிடத்தில் பிதுக்கி எடுத்துவிடுவார். ஆனால் தொந்தரவில்லாத நாய்க்கு மாதாமாதம் பிதுக்கச் சொல்லாதீர்கள், அந்த இடம் புண்ணாகிவிடும். பக்கத்தில் வீக்கமோ இரத்தமோ தெரிந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

வாய் நாறினால் பெரும்பாலும் பல்லில் காறையும் ஈறு வீக்கமும் இருக்கும். நாய்க்கான பற்பசையால் தினமும் தேய்க்கலாம். நம் பற்பசை கூடாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

நோய் எதுவும் இல்லாத நாய்க்கு மாதம் ஒரு குளியல் போதும். நாய்களுக்கான மிதமான ஷாம்பு போட்டு, முடியின் அடி வரை ஈரம் போகத் துவட்டுங்கள். தோலில் ஈஸ்ட் இருந்தால் மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு தருவார். அதைப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் வேலை செய்யும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். குளித்த நாய் பழைய விரிப்பில் படுத்தால் அந்த வாடை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

கருத்தடை செய்யவில்லை என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த சில வாரங்களில் பிறப்புறுப்பிலிருந்து நாற்றத்தோடு கசிவு வந்தாலோ, கசிவே இல்லாமல் சாப்பிடாமல் சோர்ந்து தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தாலோ, கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். உயிருக்கே ஆபத்தானது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், இரவானாலும் சரி.