கோரை முதல் பார்த்தீனியம் வரை: வீட்டுத் தோட்டக் களைகள், கேள்வி பதில்

ஐயா, கோரையை வாராவாரம் பிடுங்குகிறேன். ஒன்றைப் பிடுங்கினால் நாலு முளைக்கிறது. என்ன செய்வது? (தஞ்சாவூர் வாசகி)

கையால் இழுத்தால் மேல்தாள் மட்டும் வரும், அம்மா. கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தைச் சற்றுத் தள்ளி ஆழமாக இறக்கி மண்ணோடு நெம்பித் தூக்குங்கள். மண்ணை உதிர்த்தால் நூல் மாதிரி ஒரு கொடியில் கறுத்த சிறு கிழங்குகள் கோத்திருப்பது தெரியும். கிள்ளினால் உள்ளே வெளுப்பாக இருக்கும், வாசனை அடிக்கும். அந்தக் கொடி போகும் வழியிலேயே தோண்டிப் போங்கள். பாதியில் அறுந்தால் சும்மா கிடந்த கிழங்குகளும் தனித்தனியாக முளைக்கும். உங்கள் 'நாலு' அப்படி வந்ததுதான்.

எடுத்ததை எருக்குழியில் போடாமல் வெயிலில் சுக்காகக் காய விடுங்கள். விட்டுப்போனவை எப்படியும் தலைகாட்டும். புதுக்கிழங்கு வைப்பதற்குள், இரண்டு மூன்று வாரத்தில், மறுபடி தோண்டுங்கள். நடுவே தட்டைப்பயறோ சர்க்கரைவள்ளியோ படரவிடுங்கள், கோரைக்கு நிழல் ஆகாது.

பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் போதாதா? (ஈரோடு)

கோரை ஊசி முனையால் ஷீட்டையே துளைத்துக்கொண்டு வரும். மற்ற களைகள் ஷீட்டுக்கு அடங்கும். நான் என்றால் பழைய செய்தித்தாளைக் கனமாக விரித்து, மேலே 3, 4 அங்குலம் காய்ந்த சருகு போடுவேன். செடியின் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், அழுகும்.

உப்புத் தண்ணீர் ஊற்றினால் களை சாகும் என்கிறார்களே, அண்ணா?

தயவுசெய்து வேண்டாம். களை கருகும், சரி. ஆனால் உப்பு மண்ணில் தங்கி, அப்புறம் நீங்கள் வைக்கும் கத்தரியையும் கெடுக்கும். நடைபாதைக் கல் இடுக்கில் முளைப்பவற்றுக்குக் கொதிக்கும் நீர் போதும்.

மாடியில் தொட்டிதான் வைத்திருக்கிறேன். அங்கே களை எப்படி வந்தது? (சென்னை)

பெரும்பாலும் மக்காத சாணத்தோடு. மாடு தின்ற புல்லின் விதை சாணத்தில் உயிரோடு இருக்கும். நன்றாக மக்கி, பொலபொலவென்று மண்வாசம் அடிக்கும் எருவாக வாங்குங்கள். பூச்சட்டியோடு வரும் புளியாரையையும் கவனியுங்கள். அதன் காய் முற்றினால் தொட்டதும் வெடித்து, பக்கத்துத் தொட்டி வரை விதை தெறிக்கும்.

பார்த்தீனியத்தைப் பிடுங்கியபின் கையெல்லாம் அரிப்பு. (கோவை)

அந்தச் செடிக்கு அந்தக் குணம் உண்டு. கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள். மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மகரந்தம் சிலருக்கு மூச்சிரைப்பு வரை கொண்டுபோகும். அரிப்பு நிற்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். இனிமேல் வெள்ளைப்பூ எட்டிப்பார்க்கும் முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். பூத்து விதைத்தால் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும்.

பாத்தியெல்லாம் பருப்புக்கீரை. பிடுங்கவா? (மதுரை)

பிடுங்கி, பாசிப்பருப்போடு கடைந்து சாப்பிடுங்கள்! பிடுங்கியதைப் பாத்தியிலேயே போட்டுவிடாதீர்கள், கிடந்த இடத்திலேயே தண்டு வேர்பிடித்துவிடும்.